அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டிய புதையல் படம்

இண்டியானா ஜோன்ஸ் வரிசையில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இது. குறிப்பாக, நம் குமரி மாவட்டத்தில் பிள்ளைகளையும் வயசானவர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரு ஆங்கிலப் படம் பார்க்க நினைக்கிற வீடுகளுக்கு. 1989இல் வந்த மூன்றாம் படமான 'தி லாஸ்ட் குருசேட்' பற்றியே பேசப்போகிறேன். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் அதைப் போட்டேன். அக்காவின் பிள்ளைகள் 2 பேர், அம்மா, அக்கா, அப்பா. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்தவர், ஆங்கிலம் தெரியாது. அன்று ராத்திரி எது நடந்தது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் எல்லாரும் தேடுவது ஒரு கிண்ணத்தை. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது ஒரு அப்பாவும் மகனும். அதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் சண்டைக்காட்சிகூட வேறு மாதிரி தெரியும்.

எந்தப் படத்தில் தொடங்குவது

இந்த வரிசையில் 5 படங்கள்: 1981, 1984, 1989, 2008, 2023. முதல் 4 படங்களை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். 2 சாயங்காலங்கள் கிடைக்கும் என்றால் 1981இல் வந்ததை முதலிலும் 1989இல் வந்ததை இரண்டாவதாகவும் பாருங்கள். ஒரே ஒரு சாயங்காலம்தான் என்றால் தயங்காமல் 1989க்குப் போய்விடலாம். கதை தனியாகவே புரியும்.

ஆனால் முதல் படம் பார்க்காதவர்களுக்கு 4 விஷயங்களை வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும். கதாநாயகன் தொல்லியல் பேராசிரியர். தலையில் எப்போதும் ஒரு தொப்பி இருக்கும். கையில் சாட்டை. பாம்பு என்றால் உயிரே போய்விடும். இவை ஏன் முக்கியம் என்றால், மூன்றாம் படம் தொடங்குவதே இந்த 4க்கும் பதில் சொல்லித்தான். ஒரு தொடர்ச்சிப் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. முந்தைய படத்தில் நடந்ததையே பெரிதாக்கித் திரும்பச் செய்வது சுலபமான வழி. இந்தப் படம் ஆளின் சின்ன வயசுக்குப் போய், இவன் எப்படி இவன் ஆனான் என்று காட்டுகிறது.

1984இல் வந்த இரண்டாம் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கதை இந்தியாவில் நடப்பதாக வரும். படம் பிடித்ததோ பெரும்பாலும் இலங்கையில், கண்டிப் பக்கம். கிராமத்து மக்கள் சிங்களம் பேசுவார்கள், நம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். அரண்மனை விருந்து என்று பாம்பையும் குரங்கு மூளையையும் இந்தியர்கள் சாப்பிடுவதாகக் காட்டியிருக்கிறார்கள். வில்லனாக நடித்த அம்ரிஷ் புரியின் நடிப்பு பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த விருந்துக் காட்சி என்னை இன்றைக்கும் புண்படுத்துகிறது. பெரியவர்கள் பிறகு தனியாகப் பார்த்து அவரவர் முடிவுக்கு வரட்டும்.

நாளும் இடமும்

படம் 127 நிமிடம். இடையில் நிறுத்தி விளக்குவதற்கும் சாயாவுக்கும் சேர்த்து 3 மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன், ஜூலையில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. அந்த மாதங்களில் முற்றத்தில் போடுவது வீண் ஆசை. தகரக் கூரை போட்ட தாழ்வாரமும் வேண்டாம், ஒரு சாரல் விழுந்தாலே வசனம் காதில் ஏறாது. டிசம்பர் கடைசி வாரம் நல்லது. ஆனால் 24ஆம் தேதிக்கு முன்னால் கேரல் பாட்டுக்காரர்கள் எந்நேரமும் வீட்டுக்கு வருவார்கள். நான் 27ஆம் தேதி வைத்துக்கொண்டேன்.

ஒரு நண்பரிடம் புரொஜெக்டர் இரவல் வாங்கினேன். திரைக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி. கரை இல்லாத பக்கமாக இழுத்துக் கட்டி, கீழே இரண்டு ஓரத்திலும் கல் வைத்துவிட்டால் காற்றுக்கு ஆடாது. சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும். ஒலி விளைவுகளுக்காக பென் பர்ட், ரிச்சர்ட் ஹிம்ஸ் இருவரும் ஆஸ்கர் வாங்கிய படம் இது, இசை ஜான் வில்லியம்ஸ். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் படம் போய்விடும். கல்லூரிக் காலத்தில் நான் முதல்முறை பார்த்தது அப்படித்தான். சப்டைட்டிலும் இல்லாமல், துரத்தலும் அடிதடியும் மட்டும் மனசில் நின்றது. அந்த அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது எதுவுமே என்னிடம் வந்து சேரவில்லை. அதனால் ஆங்கில சப்டைட்டில் போடுங்கள். வீட்டில் ஒருவர் முன்னதாகவே ஒருதடவை பார்த்து வைத்து, தேவைப்படும் இடத்தில் தமிழில் இரண்டு வரி சொல்லட்டும். விடாமல் மொழிபெயர்க்க வேண்டாம். யாரும் படம் பார்க்க முடியாது.

தின்பதற்கு ஏத்தங்காய் வற்றல், பழம்பொரி. மரச்சீனிக் கிழங்கும் மீனும் இடைவேளைக்கு. படத்தில் வெனிஸ் நகரத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான எலிகள் வரும் இடம் ஒன்று உண்டு, அதற்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் 10 நிமிடப் பேச்சு

பிள்ளைகளிடம் புதையல் என்று சொன்னால் போதும், கண் விரியும். 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தபோது நம் பக்கத்துச் சாயாக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே இருந்தோம், அது நம் வீட்டுப் பெட்டியைத் திறந்த மாதிரிதான் இருந்தது. திறக்காமல் விட்ட ஒரு அறை, அதற்குக் காவலாக நாகம் என்ற பேச்சு, எல்லாம் எங்கள் அக்கா மகனுக்கு அத்துப்படி. அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினேன்.

பிறகு அந்தக் கிண்ணம். இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கிண்ணம். மறைக்கல்வி வகுப்புக்கோ ஓய்வுநாள் பள்ளிக்கோ போகிற பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது, அதனால் இதை விளக்க வேண்டியதே இல்லை. விளக்க வேண்டியது வேறொன்று. கிண்ணம் அற்புதசக்தி உள்ளது, அதைத் தேடி வீரர்கள் போனார்கள் என்பதெல்லாம் வேதாகமத்தில் கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் கிரெத்தியன் தெ த்ருவா என்ற கவிஞர் எழுதிய கதையில்தான் அந்தப் பாத்திரம் முதலில் வருகிறது. அங்கே அது ஒரு தட்டு போன்ற பாத்திரம். அவருக்குப் பின்னால் ரொபேர் தெ பொரோன் என்பவர் அதை இராவுணவோடும், இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்போடும் இணைத்தார். 'பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்துல வருவாரே, அந்த யோசேப்பா மாமா?' என்று அக்கா மகன் கேட்டான். அவரேதான்.

இன்னும் இரண்டு வரி. கதை நடப்பது 1938இல், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. நாஜிகளும் அதே கிண்ணத்தைத் தேடுகிறார்கள். அவ்வளவு போதும், விளக்கை அணைத்துவிடலாம்.

எந்தெந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்த வேண்டும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எலிகள், கோயிலுக்குள் முதல் சோதனையில் ஒரு தலை உருளுவது, கடைசியில் ஒரு மனிதன் நொடியில் கிழடாகி எலும்பாவது. 8 வயசுக்குக் கீழே இருந்தால் கடைசிக் காட்சி கனவில் வரும். பெரியவர்கள் நெளிய வேண்டிய ஓரிரு வசனங்களும் உண்டு, சப்டைட்டில் வேகமாக ஓடிவிடும்.

முதல் கால்மணி நேரம்: யாரும் எழுந்திருக்கக் கூடாது

தாமதமாக வந்து உட்காருபவர்களுக்கு இந்தப் படம் கிடையாது. 1912, அமெரிக்காவின் யூட்டா. சாரணர் உடுப்பில் 13 வயசுப் பையன். குகைக்குள் திருடர்கள் ஒரு பழைய தங்கச் சிலுவையைத் தோண்டி எடுப்பதைப் பார்க்கிறான். அது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது என்று பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். ஓடிப்போய் ஏறுவது ஒரு சர்க்கஸ் ரயில். அந்த ஒரே ரயிலில் பாம்புப் பெட்டிக்குள் விழுகிறான், சிங்கத்தின் முன்னால் சாட்டையை எடுத்து வீசும்போது தாடையில் வெட்டுப்படுகிறது. ஹாரிசன் ஃபோர்டுக்கு நிஜமாகவே அந்த இடத்தில் தழும்பு உண்டு, இளவயதில் கார் விபத்தில் வந்தது. அதற்கும் கதைக்குள் ஒரு காரணம் செய்துகொண்டார்கள். பையனாக நடித்தவர் ரிவர் ஃபீனிக்ஸ்.

நாகர்கோவில் என்ற பெயரே நாகராஜா கோயிலால் வந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றி வளர்ந்த எங்கள் அம்மாவுக்கு, பாம்பைக் கண்டு இப்படி அலறுகிற நாயகன்மேல் உடனே பாசம் வந்துவிட்டது. 'பாவம், கொச்சுப் பிள்ளை' என்றாள்.

ரயில் முடிந்ததும் ஒரு அறை வரும். படத்தின் சாவி அங்கேதான் இருக்கிறது. பையன் சிலுவையோடு மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவருகிறான். அப்பா மேசையில் குனிந்து ஏதோ படம் வரைந்துகொண்டிருக்கிறார். முகம் காட்டமாட்டார்கள், கையும் குரலும் மட்டும். பேசாதே என்று கையை உயர்த்துகிறார். கிரேக்க மொழியில் 20 வரை எண்ணு என்கிறார். அவன் எண்ண ஆரம்பிக்கிறான். அவர் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. சற்றுப் பொறுத்து ஊர்க்காவல் அதிகாரியே சிலுவையைத் திருடர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார். தோற்றுப்போய் நிற்கும் பையனின் தலையில் ஒரு தொப்பியை வைப்பது திருடர் கூட்டத்துத் தலைவன். அப்பாவிடம் கிடைக்க வேண்டிய தட்டிக்கொடுப்பு திருடனிடமிருந்து வருகிறது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அப்பா எதை வரைந்துகொண்டிருந்தார்? அந்த நோட்டுப் புத்தகம்தான் கதை முழுக்கப் பயணம் செய்யும். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. நோட்டு கைமாறும்போதெல்லாம் இரண்டு பிள்ளைகளும் ஆள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

வெனிஸ்: வேகமாகத் தாண்டலாம்

அப்பா காணாமல் போகிறார், மகன் தேடிக்கொண்டு வெனிஸ் வருகிறான். நூலகத்துக்குள் ரோமன் எண்களைப் பின்தொடர்ந்து தரையை உடைக்கிறான். உடைக்கும் ஓசையும், அந்தப் பக்கம் வயசான நூலகர் புத்தகத்தில் முத்திரை குத்தும் ஓசையும் ஒன்றாக விழும். நூலகர் தன் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலைநேரம் முத்திரை குத்தி வளர்ந்தவன் நான், அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது. நூலகத்தின் வெளிப்புறமாகக் காட்டுவது நிஜத்தில் சான் பர்னபா என்ற தேவாலயம். கீழே ஒரு சிலுவைப் போர் வீரனின் கல்லறை, அதில் எழுத்துப் பொறித்த கேடயம். அந்தக் கல்லறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அப்பா வந்த பிறகு

ஆஸ்திரியக் கோட்டையில் சிறைப்பட்ட அப்பாவாக ஷான் கானரி வருகிறார். ஜேம்ஸ் பாண்டாக உலகம் கொண்டாடிய நடிகர். அவர் 1930இல் பிறந்தவர், மகனாக நடிக்கும் ஃபோர்டு 1942இல். 12 வயசு வித்தியாசத்தில் அப்பா, மகன்! ஆனால் 5 நிமிடத்தில் நம்பிவிடுவீர்கள். மகன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வருகிறான், எதிரி என்று நினைத்து அப்பா அவன் மண்டையில் ஜாடியால் அடிக்கிறார். அடித்துவிட்டு அவர் முதலில் பதறுவது உடைந்த ஜாடிக்காக.

இங்கிருந்து சப்டைட்டிலை விடாமல் படியுங்கள். மகனை அப்பா கூப்பிடுவது ஒரே சொல்லால்: 'ஜூனியர்'. நம்மிடம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம், பேரன் என்ற சொல்லே அதில் வந்ததுதான். அங்கே அப்பா தன் பெயரையே மகனுக்கு வைத்து, கூடவே இளையவன் என்று சேர்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் அக்கா மகனுக்கு அப்பாவின் பெயர். அதனால் அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டாள், அவனை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள். இதை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டேன். ஜூனியர் என்று கூப்பிடாதீர்கள் என்று மகன் எத்தனை தடவை கெஞ்சுகிறான் என்று எண்ணச் சொல்லுங்கள்.

பெர்லினில் புத்தகங்களை எரிக்கும் கூட்டம் ஒன்று வரும். நிஜத்தில் அந்தப் பெரிய எரிப்பு நடந்தது 1933 மே 10இல், படம் அதை 1938க்கு நகர்த்திவிட்டது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். பிறகு செப்பலின் என்ற பெரிய வான்கப்பலில் அப்பாவும் மகனும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நீங்கள் என்னோடு பேசியதே இல்லை என்கிறான் மகன். சரி, இப்போது பேசு, என்ன பேச வேண்டும் என்கிறார் அப்பா. அவனுக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை. ஒரு நிமிடம்கூட இல்லாத இடம், ஆனால் எங்கள் வீட்டில் அப்போது யாரும் வற்றலைக் கடிக்கவில்லை.

அடுத்து குடை. இந்தக் காட்சியை மட்டும் திரும்ப ஒருதடவை ஓட்டிப் பாருங்கள். கடற்கரை மணல். ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை, மேலே போர் விமானம் சுட்டுக்கொண்டு வருகிறது. மகனின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிட்டது. அப்பா அமைதியாகத் தன் கறுப்புக் குடையை எடுக்கிறார், விரிக்கிறார். கோழி விரட்டுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கும் பறவைக் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார். பறவைகள் மொத்தமாக எழும்புகின்றன, விமானம் அவற்றுக்குள் பாய்ந்து நிலைகுலைந்து மலையில் மோதுகிறது. அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பழைய மன்னன் ஷார்லமேன் சொன்னதாக ஒரு வாக்கை நினைவுகூர்ந்தபடி திரும்பி நடந்து வருகிறார். அவ்வளவு நேரமும் அப்பாவைச் சுமையாக நினைத்த மகன் அவரைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். படம் பிடித்த இடம் ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள மோன்சுல் கடற்கரை. ஆனால் முட்டத்துப் பாறையையும் மணலையும் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. எங்கள் அப்பா, குடை இல்லாமல் வீட்டுப்படி இறங்காதவர், அந்த இடத்தில் கைகொட்டிச் சிரித்தார். ஆங்கிலம் தேவைப்படவில்லை.

டாங்கிச் சண்டை நீளமானது. சாயாவுக்கு நல்ல நேரம் என்று யாராவது எழுந்தால் விடுங்கள், ஆனால் டாங்கி மலைவிளிம்பை நெருங்கும்போது கூப்பிட்டுவிடுங்கள். மகன் விழுந்துவிட்டான் என்று அப்பா கீழே பார்த்துக் கலங்கி நிற்கும் இடம் அது. இதெல்லாம் நடக்கும் ஹத்தாய் நிஜமாகவே இருந்த நாடு. 1938இல் தனிக் குடியரசாகி, 1939இல் துருக்கியோடு சேர்ந்துவிட்டது. படத்தில் அதற்கு ஒரு சுல்தானைக் கொடுத்திருக்கிறார்கள், அது கற்பனை.

மூன்று சோதனைகள்: ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிறுத்துங்கள்

கிண்ணம் இருக்கும் கோயிலின் முகப்பு, ஜோர்டான் நாட்டுப் பெட்ராவில் உள்ள அல் கஸ்னா. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் நபதேயர்கள் செங்கல் நிறப் பாறையில் சுமார் 40 மீட்டர் உயரத்துக்குக் குடைந்தது. உள்ளே நிஜத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, படத்தில் வரும் உட்புறம் இங்கிலாந்தில் போட்ட செட்.

வில்லன் அப்பாவைச் சுட்டுவிடுகிறான். இனி கிண்ணத்துத் தண்ணீர் மட்டுமே காப்பாற்றும், அதற்கு மகன் உள்ளே போயாக வேண்டும். புதையல் வேட்டை அந்த நொடியில் அப்பாவுக்கு மருந்து தேடும் ஓட்டமாக மாறுகிறது. வழிகாட்ட அவனிடம் இருப்பது அப்பாவின் நோட்டுப் புத்தகம்.

முதல் சோதனை: மனம் வருந்துபவன் மட்டுமே தாண்டுவான். படத்தை நிறுத்திவிட்டு, அப்படிப்பட்டவன் என்ன செய்வான் என்று கேளுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவள் 'முட்டுக்குத்துவான்' (மண்டியிடுவான்) என்று உடனே சொல்லிவிட்டாள். கோயில்பிள்ளைகளுக்கு இது கஷ்டமே இல்லை.

இரண்டாவது: தரையில் எழுத்துக்கள், கடவுளின் பெயரை மிதித்துப் போக வேண்டும். பெயர் யெகோவா. நாயகன் ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜே'யில் கால் வைக்கிறான், தரை உடைகிறது. லத்தீனில் அந்தப் பெயர் 'ஐ'யில்தான் தொடங்கும். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளே குழம்பும் இடம் இது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க அருமையான வழி ஒன்று உண்டு. நாம் இயேசு என்று எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அதே பெயரை 'ஜே' போட்டு எழுதுகிறார்கள். லத்தீன் நம் பக்கம். பழைய எழுத்து இகரம்தான், 'ஜே' பின்னால் வந்தது. இதைச் சொன்னதும் அக்கா மகன் ஒரு தாளில் இரண்டையும் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது சோதனை நம் மாவட்டத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். அடி தெரியாத பள்ளம், பாலம் இல்லை. நம்பிக் கால் வைக்க வேண்டும். வைத்தால், எதிர்ப் பாறையின் நிறத்திலும் கோட்டிலும் அப்படியே கலந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு கல்பாலம் காலைத் தாங்குகிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். அதில் முதல் அடி வைத்தபோது வயிறு என்ன செய்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கீழே கடல் நுரைப்பது தெரிகிறது, கால் நகர மறுக்கிறது, பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது. அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இண்டியானா ஜோன்ஸ் நெஞ்சில் கைவைத்துக் கால் தூக்கும் காட்சி திரையில் நடப்பதாகவே இருக்காது.

அந்தப் பாலத்தின் சூட்சுமத்தை வீட்டிலேயே செய்து காட்டலாம். கட்டம் போட்ட பழைய கைலி ஒன்றைச் சுவரில் விரித்துத் தொங்கவிடுங்கள். அதிலிருந்தே ஒரு துண்டு கிழித்து ஒரு அடி ஸ்கேலில் சுற்றுங்கள். ஸ்கேலைக் கைலிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, கட்டங்கள் நேராகச் சேரும்படி பிடியுங்கள். எதிரே பத்தடி தள்ளி நிற்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஸ்கேல் துணியோடு கரைந்துவிடும். தலையை லேசாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் சட்டென்று துருத்திக்கொண்டு தெரியும். படத்தில் கேமரா செய்வதும் அதேதான், பக்கவாட்டில் நகரும்போது பாலம் தனியாகப் பிரிந்து தெரிகிறது. கைலியைச் சரியாகப் பொருத்த எனக்கு நாலைந்து முயற்சி ஆனது, அவசரப்பட வேண்டாம்.

கிண்ணமும் பெயரும்

உள்ளே 700 வயசு வீரன் ஒருவன் காவல் இருக்கிறான். சுற்றிலும் விதவிதமான கிண்ணங்கள், தங்கம், மணி பதித்தவை. எது சரியானது என்று நிறுத்திக் கேட்க மறக்காதீர்கள். 'ஏசு ஆசாரிப் பிள்ளைல்லா? அவருக்க வீட்டுல எங்க தங்கம்?' என்றாள் அம்மா. சாமி கும்பிடுவது வேறு கோயிலில் என்றாலும் பக்கத்து வீட்டுச் செபக்கூட்டத்தைத் தினமும் கேட்கிறவள். படத்தின் நாயகனும் அதே கணக்கைத்தான் போட்டு, மங்கிப்போன சாதாரணக் கிண்ணத்தை எடுக்கிறான்.

அதற்குப் பிறகு நிறுத்தாதீர்கள், பேசாதீர்கள். நிலம் பிளக்கிறது. கிண்ணம் பள்ளத்து விளிம்பில் கிடக்கிறது. மகன் தொங்கிக்கொண்டு ஒரு கையை அதற்காக நீட்டுகிறான், இன்னொரு கை அப்பாவின் பிடியில் நழுவுகிறது. ஆயுள் முழுக்க அந்தக் கிண்ணத்தைத் தேடிய அப்பா, மகன் தனக்கென்று வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுகிறார். ஜூனியர் இல்லை, இண்டியானா. விட்டுவிடு என்கிறார்.

நான் எதுவும் விளக்கவில்லை. இருட்டில் அப்பாவின் குரல்தான் கேட்டது: 'இப்பந்தான் பேரச் சொல்லுகான்.'

2 மணி நேரமாக ஒரு வாக்கியம்கூடப் புரியாமல், கூப்பிடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னை அப்பா 'லே' என்றும் 'தம்பி' என்றும் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். வெள்ளி முளைக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது களைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். படம் முடிந்து வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளாமல் போய் ஸ்பீக்கரைத் தூக்கினேன்.

இண்டியானா என்பது நாய்க்கு வைத்த பெயர் என்ற வேடிக்கை அதற்குப் பின்னால்தான் வரும், பிள்ளைகளை அதற்குள் தூங்கவிடாதீர்கள். கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் வளர்த்த நாயின் பெயரும் அதுதான்.

அடுத்த நாள்

படம் பார்த்த சூடு ஆறுவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதல் இடம் தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரையில்லாத பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியாகி 1777இல் இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. முந்தின நாள் படத்தில் லத்தீன் எழுத்துக் கல்லறையைப் பார்த்த பிள்ளைகள் அங்கே நிற்கும் நிலையைப் பார்க்க வேண்டும். படத்தில் நாயகன் கேடயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுப்பான், அதை இங்கே செய்யவிடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் திங்கட்கிழமை விடுமுறை.

இரண்டாவது இடம் மார்த்தாண்டம் பக்கத்தில் சிதறால் மலை. இயற்கையான பாறைக்குகை, அதன் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. பெட்ராவைப் பார்க்க விமானம் ஏற வேண்டும், இதற்கு பஸ் போதும். பாறையில் பெயர் கிறுக்கியிருக்கும் சில இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது என்று 13 வயசுப் பையன் ஏன் உயிரைக் கொடுத்து ஓடினான் என்று கேளுங்கள். அக்கா மகன் கையால் ஒன்றையும் தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தான்.

ஏற்றம் மெதுவானதுதான், வயசானவர்கள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறிவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், உச்சிக்குப் பிறகு பாறை கொதிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும், குடையும்.